கடையில் ஓடும், வீட்டில் நிற்கும்

மே மாதத்துச் சனிக்கிழமை. மணி பதினொன்றுதான் ஆகிறது. அதற்குள் தில்லி நேரு பிளேஸின் கல் பாவிய முற்றம் அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. ஃபரீதாபாத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய இருபது வயது இளைஞர் ஒருவர், பழைய படுக்கை விரிப்பில் மூட்டையாகக் கட்டிய கம்ப்யூட்டரை மார்போடு அணைத்தபடி படிகளில் ஏறுகிறார். ‘லேப்டாப், பிரிண்டர், டோனர்?’ என்று வழி மறிக்கும் தரகர்கள் மூட்டையைப் பார்த்ததும் விலகி வழி விடுகிறார்கள். வாங்க வந்தவர் யார், சண்டை போட வந்தவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த வாரத்தில் இது அவருடைய நான்காவது வருகை. திங்களன்று இங்கே ஒரு கடையில் பதினாறாயிரம் ரூபாய்க்கு, யாரோ பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கினார். பில்லில் ‘7 நாள் டெஸ்டிங்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் மாட்டி விளையாட உட்கார்ந்தால், கால் மணி நேரத்தில் திரை பட்டென்று இருண்டு, கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி எழுந்து நிற்கிறது. புதனன்றும் வெள்ளியன்றும் கார்டை மட்டும் அட்டைப்பெட்டியில் போட்டு மெட்ரோவில் எடுத்து வந்தார். கடைக்காரர் இரண்டு முறையும் முகம் சுளிக்காமல் தன் மேஜையில் மாட்டி, அதே விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினார். ஒரு சிணுக்கம்கூட இல்லை. ‘கார்டு நல்ல கார்டு’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்குப் போனால் பழைய கதை.

நாளை ஏழாவது நாள். நாளை ஞாயிறு, சந்தைக்கு விடுமுறை. ஆகவே எதுவானாலும் இன்று முடிய வேண்டும். பதினாறாயிரத்தில் பாதி, உள்ளூர் ஸ்டூடியோ ஒன்றுக்குத் திருமண வீடியோக்களை எடிட் செய்து சம்பாதித்தது. மீதி, அம்மா ‘கமிட்டி’யில் எடுத்த பணம். நம் ஊர்ச் சீட்டுதான், அங்கே அதன் பெயர் கமிட்டி.

நேரு பிளேஸ் கம்ப்யூட்டருக்காகக் கட்டப்பட்ட இடம் அல்ல. தில்லியின் 1962ஆம் ஆண்டு மாஸ்டர் பிளான், ஊர் முழுவதும் கனாட் பிளேஸுக்கே ஓடக்கூடாது என்று ஆங்காங்கே வட்டார வணிக மையங்களைத் திட்டமிட்டது. அப்படி எழுந்ததுதான் கல்காஜி கோயிலுக்கு அருகே இந்தக் கான்கிரீட் மலைத்தொடர். நடுவில் நடப்பவர்களுக்கு மட்டுமான உயர்ந்த முற்றம், சுற்றிலும் மேக்தூத், ஹேம்குண்ட், தேவிகா என்று அழகான பெயர்களும் அழகில்லாத முகங்களும் கொண்ட கட்டடங்கள். வங்கிகளும் கம்பெனி அலுவலகங்களும் முதலில் வந்தன. 80களிலும் 90களிலும் கம்ப்யூட்டர் வந்து மற்றதையெல்லாம் ஓரம் கட்டியது. (துணிக் கடைகள் மட்டும் அசையவில்லை, சோபா உறைக்குத் துணி வாங்க இன்றும் தில்லிப் பெண்மணிகள் இங்கேதான் வருகிறார்கள்.) மெட்ரோ ரயில் 2010இல் வந்தது. மும்பையின் லாமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி தெரு எல்லாம் இதன் உறவுக்காரர்கள்தான். ஆனால் அவையெல்லாம் தெருக்கள். இது ஒரு கோட்டை.

கோட்டைக்குள் ஒவ்வொருவரும் ஒரு பொருள் விற்கிறார்கள். இவரிடம் ராம், அவரிடம் மதர்போர்டு, அடுத்தவரிடம் கேபினட். தார்ப்பாய் விரித்தவர்களிடம் கேபிளும் மவுஸும். அத்தனையையும் வாங்கி ஒன்றாக மாட்டுவது வாடிக்கையாளரின் பொறுப்பு, அல்லது தலையெழுத்து. மாட்டியபின் அந்த மொத்தம் ஏன் ஓடவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது தெளிவில்லை. ஒவ்வொரு கடைக்காரரும் தன் பொருளுக்கு மட்டும் சத்தியம் செய்கிறார். பெரும்பாலும் அந்தச் சத்தியம் உண்மையாகவும் இருக்கிறது.

இளைஞர் முதலில் போனது கார்டு விற்ற கடைக்கு. அங்கே ஒரு தீர்வு தயாராக இருந்தது. இன்னும் எட்டாயிரம் கொடுத்தால் இதை எடுத்துக்கொண்டு 3080 கார்டு தருவதாகச் சொன்னார்கள். யோசித்துச் சொல்வதாக வெளியே வந்தவரை, பக்கத்துக் கடையில் டீ கொடுக்கும் பையன் இரண்டாவது மாடிக்கு அனுப்பினான்.

இரண்டாவது மாடியில், நடைபாதையின் கடைசியில், கட்டில் ஒன்று போட்டால் நிறைந்துவிடும் அளவில் ஓர் அறை. ஐம்பதைத் தாண்டிய மெக்கானிக். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பழுதுபார்க்க 90களின் தொடக்கத்தில் இந்தச் சந்தைக்கு வந்தவர். இங்கே எதுவும் விற்பனைக்கு இல்லை. பார்த்துச் சொல்ல முந்நூறு ரூபாய். கோளாறு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

மூட்டையை அவிழ்த்ததும் அவர் ஸ்குரூடிரைவரைத் தொடவில்லை. ஸ்டூலைக் காட்டி, “உட்கார் பேட்டா. அது எப்படிச் சாகிறது, சொல்” என்றார்.

கேள்வி விநோதமாகப் பட்டாலும் பாதி வைத்தியம் அதில்தான் இருக்கிறது. விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் தெரிந்தால், சந்தேகம் முதலில் அந்த விளையாட்டின் மீதும் கிராபிக்ஸ் டிரைவர் மீதும். நீலத்திரை வந்து, ஒவ்வொரு முறையும் வேறுவேறு பிழைக் குறி காட்டினால் ராம் மீது. ஓட்டம் மெல்ல மெல்லத் தடுமாறி, விசிறிகள் இரைந்து, பிறகு அணைந்தால் சூடு. ஒரு எச்சரிக்கையும் இல்லாமல், சுவிட்சைத் தட்டியது போல அணைந்து மறுபடி எழுந்தால், மின்சாரம் வந்து சேரும் வழியைப் பார்க்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு. ஆனால் எங்கே தொடங்குவது என்பதற்கு இது போதும்.

“சுவிட்சைத் தட்டியது போலத்தான், அங்கிள்.”

“வீடியோ எடிட் செய்யும்போது?”

“இரவு முழுக்க ஓடும். ஒரு தடவைகூட நின்றதில்லை.”

“எல்லா விளையாட்டிலுமா?”

இல்லை. வேலரண்ட் மணிக்கணக்காக ஓடுகிறது. சைபர்பங்க் 2077 போட்டால்தான் சாகிறது. கடைசியாக எதை மாற்றினாய் என்று கேட்டதற்கு, கார்டை மட்டும்தான் என்று பதில். முன்பு இருந்தது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. அது நான்கு வருடம் மூச்சுக் காட்டாமல் உழைத்த கார்டு.

கனமான விளையாட்டு ஒரு கம்ப்யூட்டரைக் கேட்பது போல வேறு எந்த வேலையும் கேட்பதில்லை. கடிதம் அடிக்கும்போது பிராசசர் தூங்குகிறது. எடிட்டிங்கில் பிராசசர் உழைக்கும், கார்டு பெரும்பாலும் சும்மா இருக்கும். நவீன விளையாட்டு ஒன்றில் பிராசசர், கார்டு, ராம், விசிறி எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து ஓடுகின்றன. கல்யாண வீட்டில் எல்லா விளக்கும் எரியும் நேரத்தில்தான் ஃபியூஸ் போகும். அதற்கு முகூர்த்தம் காரணம் அல்ல.

மெக்கானிக் இந்தத் தொழிலில் பார்த்த மாற்றங்களில் பெரியது இதுதான். 1990களின் நடுவில் விளையாட்டு நின்றுபோனால் சண்டை வேறு மாதிரி. சவுண்டு கார்டும் பிரிண்டரும் ஒரே ஐ.ஆர்.கியூ. எண்ணுக்கு அடித்துக்கொள்ளும், அல்லது டாஸின் 640 கிலோபைட்டுக்குள் இடம் போதாது. கான்ஃபிக்.சிஸ் என்ற கோப்பில் இரண்டு வரி திருத்தினால் தீர்ந்தது. முதல் பென்டியம் சிப் பதினைந்து வாட் அளவில் குடித்தது. முழு கம்ப்யூட்டருக்கும் 200 வாட் எஸ்.எம்.பி.எஸ். தாராளம். 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு ஒன்றுக்கு மட்டும் 450 வாட். 2025இல் வந்த 5090க்கு 575. சின்ன இஸ்திரிப் பெட்டி ஒன்றைக் கேபினட்டுக்குள் வைத்தது போலத்தான்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் தில்லியின் மே மாதம் உள்ளே தெரிந்தது. ஆந்தி என்னும் புழுதிக்காற்று ஹீட்சிங்கின் இடுக்குகளில் சாம்பல் நிறக் கம்பளி நெய்து வைத்திருந்தது. ப்ளோயரை நடைபாதைக்கு எடுத்துப் போய் ஊதினார். விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு. காற்றில் அவை தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். பிராசசர் மேல் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தது. துடைத்துப் புதிதாகப் பூசினார். பட்டாணி அளவு போதும். அதிகம் பூசினால் அதிகம் குளிரும் என்று நினைப்பவர்கள் உண்டு.

பிறகு விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்தார். ஐந்து நாட்களாகச் சிவப்பு வரிகள்: ‘கெர்னல்-பவர் 41’. இளைஞருக்கு அது தெரிந்திருந்தது; அதைப் படித்துத்தான் அவர் இன்னும் குழம்பியிருந்தார். அந்த வரி சொல்வது ஒன்றே ஒன்று: கம்ப்யூட்டர் முறையாக மூடப்படாமல் அணைந்தது. ஏன் அணைந்தது என்று அதற்கும் தெரியாது. இறந்தவர் இறந்தார் என்று எழுதிய சான்றிதழ். ஆனால் எழுதாமல் விட்டதிலும் ஒரு செய்தி இருந்தது. கிராபிக்ஸ் டிரைவர் திணறியதாக முன்னதாக ஒரு வரியும் இல்லை. நீலத்திரைக்கான பதிவும் இல்லை. புலம்பக்கூட நேரமில்லாமல் போயிருக்கிறது.

பிழைச் செய்தியை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு 2024இல் உலகமே பார்த்த உதாரணம் உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர் ரகப் பிராசசர்களில் விளையாடியவர்களுக்கு ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்ற செய்தியோடு விளையாட்டுகள் நின்றன. செய்தி கார்டைக் காட்டியது. கோளாறு பிராசசரில் இருந்தது. பிராசசரே தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கித் தன்னைக் கெடுத்துக்கொண்டிருந்ததை இன்டெலே அந்த ஆண்டு ஒப்புக்கொண்டது. மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது.

மணி இரண்டு. இளைஞரின் கண் சுவர்க் கடிகாரத்தில். மெக்கானிக்குக் கடிகாரம் பொருட்டல்ல. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது அவர் சட்டம். இரண்டை மாற்றி நோய் தீர்ந்தால் எது மருந்து என்று தெரியாமல் போகும். பயாஸில் ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை அணைத்துப் பார்த்தார். விளையாட்டு பதினொரு நிமிடத்தில் செத்தது. ராம் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். அப்போதும் செத்தது. ராமை முழுதாகச் சோதிக்க மெம்டெஸ்ட் மணிக்கணக்கில் ஓட வேண்டும். இன்று அதற்கு நேரமில்லை. வெப்ப அளவைத் திரையில் வைத்துக்கொண்டு ஓட்டினார். கார்டு 76 டிகிரி, பிராசசர் 79. இரண்டும் தாங்கக்கூடிய எல்லைக்கு உள்ளே. அப்போதும் அணைந்தது. சூடு குற்றவாளி அல்ல.

அடுத்துச் செய்தது செலவில்லாத சோதனை. யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 100 சதவீதத்திலிருந்து 70க்கு இறக்கினார். 200 வாட் குடிக்கும் கார்டு இனி 140ஐத் தாண்டாது. காட்சி கொஞ்சம் மந்தப்படும், அவ்வளவுதான். இப்போது விளையாட்டு பதினைந்து நிமிடம் ஓடியது. இருபத்தைந்து. நாற்பது. இளைஞர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அந்த நாற்பது நிமிடமும் மெக்கானிக்கின் ஒரு விரல் கார்டுக்குப் போகும் கேபிளின் மேலேயே இருந்தது.

அணைத்துவிட்டு டார்ச்சை எஸ்.எம்.பி.எஸ். மீது அடித்தார். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 500 வாட் என்று ஸ்டிக்கர். அதற்குக் கீழே, யாரும் படிக்காத சின்னக் கட்டத்தில், 12 வோல்ட் வரிசைக்கு நேரே 18 ஆம்பியர்.

“பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கு.”

இருநூற்றுப் பதினாறு. கார்டும் பிராசசரும் உண்பது இந்தப் பன்னிரண்டு வோல்ட்டைத்தான். கார்டுக்கு 200, உழைக்கும்போது அந்த ரைசன் 5 3600 பிராசசருக்கு ஏறத்தாழ 88. கார்டு மில்லி செகண்டு நேரத்துக்கு எகிறிக் குடிப்பது தனிக்கணக்கு. 500 என்ற எண், இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அதிகம் தொடாத 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிசைகளையும் சேர்த்துக் கட்டிய கணக்கு. பழைய 1050 டிஐக்கு 75 வாட்தான். மதர்போர்டிலிருந்தே சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தது. நான்கு வருடமாக யாரும் இந்த எஸ்.எம்.பி.எஸ்ஸைச் சோதிக்கவில்லை. கடைக்காரரின் மேஜையில் இருப்பதோ 850 வாட் நல்ல சரக்கு. அங்கே ஓடியதும் உண்மை, இங்கே நின்றதும் உண்மை.

கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டியபோது இளைஞரின் முகம் மாறியது. கார்டுக்கு எட்டு முள் இணைப்பு வேண்டும். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸில் அது கிடையாது. ஆகவே திங்களன்றே கீழே முற்றத்தில் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு மாற்றுக் கேபிள் வாங்கியிருந்தார்: பழைய நாலு முள் இணைப்புகள் இரண்டைச் சேர்த்து எட்டு முள்ளாக்கித் தருவது. அதன் வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பாகி, ஒரு முள்ளைச் சுற்றி உருகியிருந்தது. இன்னும் சில நாள் விளையாடியிருந்தால் நின்றுபோவதோடு முடிந்திருக்காது.

“மூடியைத் திறந்ததுமே இந்தக் கேபிளைப் பார்த்தேன்” என்றார் மெக்கானிக். “அப்போதே சொல்லியிருந்தால் நீ நம்பியிருக்க மாட்டாய். எஸ்.எம்.பி.எஸ். விற்கப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பாய்.”

உறுதி செய்ய ஒன்றுதான் பாக்கி. தன் மேஜையில் கிடந்த 650 வாட் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாட்டி, பவர் லிமிட்டை மறுபடி 100க்கு ஏற்றி, ஒரு மணி நேரம் ஓட்டினார். ஓடியது.

இப்போது இளைஞர் முன்னால் இருந்தது சுலபமான கணக்கு அல்ல. தரமான 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஐயாயிரத்துக்குக் குறைந்து கிடைக்காது. பையில் இரண்டாயிரத்துச் சொச்சம். கார்டைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். ஆனால் அது பழுதில்லாத கார்டு என்று தெரிந்தபின் பழுது என்று எப்படிச் சொல்வது? வைத்துக்கொண்டால் அடுத்த திருமணப் பணம் வரும்வரை அது அட்டைப்பெட்டியில் கிடக்கும், டெஸ்டிங் காலம் அதற்குள் முடிந்துவிடும். 2022 செப்டம்பரில் ஈதேரியம் நாணயத்துக்குக் கார்டு வைத்துச் சுரங்கம் தோண்டும் வேலை முடிவுக்கு வந்தபின், இரவு பகலாக உழைத்துக் களைத்த கார்டுகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. இது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா என்பதை முகம் பார்த்துச் சொல்ல முடியாது. நாளை உண்மையாகவே கெட்டுப்போனால்?

70 சதவீதத்தில் வைத்து இப்படியே ஓட்டலாமா என்று கேட்டுப் பார்த்தார். மெக்கானிக் பதில் சொல்லாமல் உருகிய கேபிளைக் கத்தரியால் இரண்டாக வெட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டார். முந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு, வீட்டு பிளக்கில் மூன்றாவது முள்ளுக்கு எர்த் உண்மையாகவே வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொன்னார். அடுத்த வாடிக்கையாளர் லேப்டாப்போடு வாசலில் நின்றிருந்தார்.

ஆறரை மணிக்குக் கார்டு கடையில் நடந்தது சண்டையாகவும் இல்லை, சமாதானமாகவும் இல்லை. “நான்தான் முதலிலேயே சொன்னேனே, கார்டு நல்ல கார்டு” என்றார் கடைக்காரர். அவர் சொன்னது உண்மை. எத்தனை வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நீங்கள் கேட்கவில்லையே” என்றார். அதுவும் உண்மை. காலையில் எட்டாயிரம் அதிகம் வாங்கிக்கொண்டு தருவதாகச் சொன்ன 3080க்கு 320 வாட் வேண்டும். அது அந்த வீட்டில் கால் மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது. அதை இளைஞர் மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார். பின்னால் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் கவனிக்கத் தொடங்கினார்கள். கடைக்காரர் பில்லைக் கேட்டு வாங்கி, ‘7 நாள்’ என்பதை அடித்து ‘30’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இளைஞர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எஸ்.எம்.பி.எஸ். ஜூனில்.

முற்றத்தில் வெயில் தணிந்து, தார்ப்பாய்க் கடைகளில் பேட்டரி விளக்குகள் எரிகின்றன. ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. மூட்டையோடு படியிறங்கும் வழியில் இளைஞர் ஒரு கணம் நிற்கிறார். திங்களன்று கேபிள் வாங்கிய அதே தார்ப்பாய். அதே வெள்ளைப் பிளாஸ்டிக் முனைகள், பிளாஸ்டிக் உறையில் வரிசையாக.

“எந்தக் கார்டு, பையா?” என்கிறான் விற்பவன். “எல்லாவற்றுக்கும் இருக்கிறது.”